வெளிவெப்பநிலைசார் வெப்பமூட்டல் கட்டுப்பாடு

வெளிவெப்பநிலைசார் வெப்பமூட்டல் கட்டுப்பாடு என்பது, குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்காகக் குழாய்களில் சுற்றிவரும் நீரின் வெப்பநிலையை, அவ்வேளையில் வெளியே நிலவும் வெப்பநிலைக்கேற்பத் தானாகவே கூட்டியும் குறைத்தும் அமைக்கும் முறையாகும். வெளியே குளிர் கடுமையாகும்போது நீர் கூடுதலாகச் சூடாக்கப்படுகிறது. குளிர் தணியும்போது நீரின் சூடும் தணிக்கப்படுகிறது. இரு நிலைகளிலும் வீட்டின் உள்வெப்பநிலை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முதலிய நடு ஐரோப்பிய நாடுகளில் இம்முறை பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது.

இம்முறையின் அடிப்படைக் கருத்து எளியது. வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்கக்கூடிய நீர்வெப்பநிலைகளுள் மிகக் குறைந்ததே சிறந்தது. ஆனால் அந்தக் குறைந்த வெப்பநிலை எது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். கட்டுப்படுத்தியில் தொழிற்சாலையிலேயே பொதிந்து வரும் அமைப்பு ஒரு பொதுவான வீட்டை மனத்திற் கொண்டது. பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதாகவே இருக்கும். நீரின் வெப்பநிலை குறைவாக இருந்தால் வீட்டிலிருப்போர் உடனே குளிரை உணர்ந்து முறையிடுவர். அது மிகுதியாக இருந்தாலோ எவரும் உணர்வதில்லை. எரிபொருட் செலவு மட்டும் கூடும். இதனாலேயே தவறான அமைப்பு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் நீடிக்கிறது.

இக்கட்டுரையில் பாகை எனக் குறிப்பிடப்படுவது செல்சியசுப் பாகையாகும்.

பின்னணி

குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்க இரண்டு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, உலையொன்றில் காற்றைச் சூடாக்கி, அகன்ற காற்றுக்குழாய்கள் வழியே அறைகளுக்குள் செலுத்துவது. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் உள்ள தனிவீடுகளில் இது மிகுதி. மற்றொன்று, கொதிகலனில் நீரைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புவது. ஐரோப்பாவில் இதுவே மிகுதி. இக்கட்டுரை இந்த இரண்டாவது முறையைப் பற்றியது.

நீர்வழி முறையில், சூடான நீர் சுவரோரம் பொருத்தப்பட்ட ரேடியேட்டர்களுக்குள்ளோ, தரையின் அடியில் பதிக்கப்பட்ட குழாய்களுக்குள்ளோ பாய்ந்து, அறைக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சற்றுக் குளிர்ந்து கொதிகலனுக்குத் திரும்புகிறது. கொதிகலனிலிருந்து புறப்படும் நீரைச் செல்நீர் எனவும், திரும்பி வரும் நீரை மீள்நீர் எனவும் இங்கு குறிப்பிடலாம். கொதிகலன் எனப் பெயர் பெற்றிருப்பினும் வீடுகளில் நீர் கொதிநிலையை எட்டுவதில்லை.

பழைய வீடுகளில் குளிர்காலம் முழுவதும் செல்நீர் 70 அல்லது 80 பாகையில் ஒரே நிலையாக வைக்கப்பட்டது. அறை மிகுதியாகச் சூடானால் ரேடியேட்டரின் வால்வை மூடுவதும், தேவைப்பட்டால் சன்னலைத் திறந்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. வெளிவெப்பநிலைசார் கட்டுப்பாடு இந்த வழக்கத்துக்கு மாற்றாக அமைந்தது.

வீட்டின் வெப்ப இழப்பு

சூடான வீட்டிலிருந்து சுவர், கூரை, சன்னல், தரை, காற்றுப் பரிமாற்றம் ஆகியவற்றின் வழியே வெப்பம் இடைவிடாமல் வெளியேறுகிறது. இந்த இழப்பு, உள்வெப்பநிலைக்கும் வெளிவெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும்.

வெப்ப இழப்பு = வீட்டின் இழப்புக் கெழு × (உள்வெப்பநிலை − வெளிவெப்பநிலை)

இழப்புக் கெழு என்பது, ஒரு பாகை வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதைக் குறிக்கும் எண். வீட்டின் பரப்பளவு, சுவரின் காப்பு, சன்னல்களின் தரம் ஆகியவை அதனை முடிவு செய்கின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் இழப்புக் கெழு பாகைக்கு 250 வாட் எனக் கொள்வோம். உள்ளே 20 பாகையும் வெளியே −12 பாகையும் இருந்தால் வேறுபாடு 32 பாகை. இழப்பு 8 கிலோவாட். வெளியே 4 பாகையாக இருந்தால் வேறுபாடு 16 பாகை. இழப்பு 4 கிலோவாட். அதாவது இரண்டாவது நாளில் வீட்டுக்குத் தேவைப்படுவது முதல் நாளின் வெப்பத்தில் பாதி மட்டுமே.

உள்ளே எவ்வளவு வெப்பத்தைச் செலுத்தினால் வீடு 20 பாகையில் நிலைக்கும் என்பதை வெளிவெப்பநிலையைக் கொண்டே முன்கூட்டிக் கணிக்கலாம் என்பது இதிலிருந்து பெறப்படும். இக்கணிப்பே இக்கட்டுப்பாட்டு முறையின் அடித்தளம்.

வெப்பமூட்டல் வளைகோடு

ஒவ்வொரு வெளிவெப்பநிலைக்கும் செல்நீர் எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் கோடு வெப்பமூட்டல் வளைகோடு எனப்படும். வரைபடத்தின் கிடை அச்சில் வெளிவெப்பநிலையும், நிலை அச்சில் செல்நீர் வெப்பநிலையும் குறிக்கப்படும்.

இது நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதற்குக் காரணம் ரேடியேட்டரின் இயல்பாகும். ரேடியேட்டர் தரும் வெப்பம், அதன் சராசரி வெப்பநிலை அறை வெப்பநிலையை விட எவ்வளவு கூடுதலாக உள்ளது என்பதைப் பொறுத்தது. ஆனால் அது நேர்விகிதம் அன்று. அந்த வேறுபாட்டின் ஏறத்தாழ 1.3 ஆம் அடுக்குக்கு விகிதமானது. ஆகவே வெப்பத் தேவை பாதியாகும்போது, நீருக்கும் அறைக்கும் இடையிலான வேறுபாடு பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ 59 விழுக்காடாகக் குறைகிறது.

மேற்கண்ட வீட்டில் −12 பாகைக் குளிருக்குச் செல்நீர் 70 பாகையும் மீள்நீர் 55 பாகையும் தேவை எனவும், நீரோட்டத்தின் அளவு மாறாது எனவும் கொண்டால் கணக்கீடு பின்வருமாறு அமையும்.

வெளியே −12 பாகை: தேவை 8 கிலோவாட், செல்நீர் 70, மீள்நீர் 55 பாகை
வெளியே −4 பாகை: தேவை 6 கிலோவாட், செல்நீர் 60, மீள்நீர் 48 பாகை
வெளியே 4 பாகை: தேவை 4 கிலோவாட், செல்நீர் 49, மீள்நீர் 41 பாகை
வெளியே 12 பாகை: தேவை 2 கிலோவாட்; செல்நீர் 37, மீள்நீர் 33 பாகை

நடு ஐரோப்பாவில் கடுங்குளிர் நாட்கள் சிலவே. குளிர்காலத்தின் பெரும்பகுதி 0 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் கழிகிறது. அந்நாட்களில் இந்த வீட்டுக்கு 55 பாகைக்கும் குறைவான நீரே போதும். ஆண்டில் ஒரு சில நாட்களுக்கு மட்டும் தேவைப்படும் 70 பாகையைக் குளிர்காலம் முழுவதும் காத்து வைப்பது பயனற்றது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

வளைகோட்டை மாற்றியமைக்கக் கட்டுப்படுத்தியில் இரண்டு அளவுகள் உள்ளன.

சாய்வு: வெளியே ஒரு பாகை குறையும்போது செல்நீர் எத்தனை பாகை உயர வேண்டும் என்பது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது சராசரியாக 1.4 ஆகும். தரையடிக் குழாய்களைக் கொண்ட வீடுகளில் வெப்பம் தரும் பரப்பு மிகப் பெரிது என்பதால் 0.3 முதல் 0.5 வரையிலான சாய்வே பெரும்பாலும் போதுமானது.

இணைநகர்வு: வளைகோட்டின் வடிவத்தை மாற்றாமல் முழுவதையும் மேலோ கீழோ நகர்த்தும் அளவு. சில கருவிகளில் இது மட்டம் எனவும் வழங்கும்.

சாய்வை மாற்றினால் அதன் விளைவு கடுங்குளிரில் மிகுதியாகவும் இளங்குளிரில் குறைவாகவும் தெரியும். இணைநகர்வின் விளைவு எல்லா நாட்களிலும் சமமாகத் தெரியும். இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் வளைகோட்டை அமைப்பது எளிதாகும்.

கட்டகத்தின் உறுப்புகள்

வெளியுணரி: வீட்டின் வெளிச்சுவரில் பொருத்தப்படும் சிறு பெட்டி. இதனுள் வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் இருக்கும். நேரடி வெயில் படாத வடக்கு அல்லது வடமேற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இதனை அமைப்பது வழக்கம்.

செல்நீர் உணரி: கொதிகலனிலிருந்து புறப்படும் நீரின் வெப்பநிலையை அளப்பது.

கட்டுப்படுத்தி: வெளியுணரியின் அளவைக் கொண்டு வளைகோட்டிலிருந்து இலக்கு வெப்பநிலையைக் கணித்து, செல்நீரை அவ்விலக்குக்குக் கொண்டுவருவது. தற்காலக் கருவிகளில் இது கொதிகலனுக்குள்ளேயே அமைந்துள்ளது.

கலப்பு வால்வு: கொதிகலனின் சூடான நீருடன் குளிர்ந்த மீள்நீரைக் கலந்து தேவையான சூட்டுக்குக் கொண்டுவரும் வால்வு. குளிப்பதற்குக் கொதிநீரில் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதை ஒத்த செயல் இது. தீச்சுடரின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய கொதிகலன்களில் பல நேரங்களில் இவ்வால்வு தேவைப்படுவதில்லை.

சுற்றோட்டப் பம்பு: நீரைக் குழாய்களில் சுற்றிவரச் செய்வது.

அறைத் தெர்மோஸ்டாட்டுடன் ஒப்பீடு

அறைத் தெர்மோஸ்டாட் அறையின் வெப்பநிலையை அளந்து, அது குறைந்தால் கொதிகலனை இயக்கும்; இலக்கை எட்டினால் நிறுத்தும். கட்டுப்பாட்டியலில் இது பின்னூட்டுக் கட்டுப்பாடு எனப்படும். பிழை நேர்ந்த பின்னரே அது செயற்படும். அறை குளிரத் தொடங்கிய பிறகே கொதிகலன் இயங்கும். சுவர்களும் ரேடியேட்டர்களும் சூடாக நேரம் பிடிப்பதால் அறை சில வேளைகளில் குளிர்ந்தும் சில வேளைகளில் மிகுதியாகச் சூடாகியும் அலைவுறும்.

வெளிவெப்பநிலைசார் கட்டுப்பாடு முன்னூட்டுக் கட்டுப்பாடு வகையைச் சேர்ந்தது. அறை குளிர்வதற்குக் காரணமான வெளிவெப்பநிலையையே அளந்து, விளைவு தோன்றும் முன்பே அது செயற்படும். ஆனால் தான் செய்தது சரியா என்பதை அது அறியாது. அறை 18 பாகையில் இருந்தாலும் 24 பாகையில் இருந்தாலும் வெளியுணரிக்குத் தெரியாது. எனவே இதன் சிறப்பு முழுவதும் வளைகோடு எவ்வளவு சரியாக அமைக்கப்பட்டுள்ளது என்பதையே பொறுத்துள்ளது.

இக்காரணத்தால் இரண்டும் இணைத்தே பயன்படுத்தப்படுகின்றன. வளைகோடு நீரின் வெப்பநிலையை ஏறத்தாழச் சரியாக அமைக்கும். ரேடியேட்டரில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வு அல்லது அறையுணரி எஞ்சிய சிறு பிழையைத் திருத்தும்.

பயன்கள்

ஒடுக்கக் கொதிகலனின் திறன்: இயற்கை எரிவளி எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்நீராவி நீராக ஒடுங்கும்போது வெளிவிடும் மறைவெப்பத்தையும் பெற்றுக்கொள்ளும் கொதிகலன் ஒடுக்கக் கொதிகலன் எனப்படும். மறைவெப்பத்தை முழுவதுமாக மீட்டால் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய ஆற்றல், மறைவெப்பம் சேராத எரிமதிப்பில் ஏறத்தாழ 11 விழுக்காடு. ஆனால் புகைவளி அதன் பனிநிலைக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே குளிர்ந்தால்தான் ஒடுக்கம் நிகழும். புகைவளியைக் குளிர்விப்பது மீள்நீரே. எனவே மீள்நீர் எவ்வளவு குளிர்ந்து வருகிறதோ அவ்வளவு வெப்பம் மீட்கப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வெளியே 4 பாகையாக இருக்கும்போது மீள்நீர் 41 பாகையில் வருவதால் ஒடுக்கம் நன்கு நிகழும்.

செல்நீர் எப்போதும் 70 பாகையில் இருந்தாலும், தெர்மோஸ்டாட் வால்வுகள் நீரோட்டத்தைக் குறுக்கும்போது மீள்நீர் குளிர்ந்தே வரும் என வாதிடலாம். அது ஓரளவு உண்மை. ஆயினும் நீரோட்டம் மிகவும் குறையும்போது கொதிகலனைக் காப்பதற்காகச் செல்நீரை நேரடியாக மீள்நீருடன் சேர்க்கும் மாற்றுவழிக் குழாய் பல கட்டகங்களில் உள்ளது. அது திறந்தவுடன் சூடான நீர் அப்படியே திரும்பி வந்து ஒடுக்கத்தைத் தடுத்துவிடும்.

வெப்பப் பம்பின் திறன்: வெளிக்காற்று அல்லது நிலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் செலுத்தும் வெப்பப் பம்புகளுக்கு இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. வெளியே 0 பாகையாக இருக்கும்போது, 55 பாகைச் செல்நீருக்குக் கார்னோ கோட்பாடு அனுமதிக்கும் உச்சத் திறன் எண் ஏறத்தாழ 6.0, 35 பாகைச் செல்நீருக்கு அது 8.8. நடைமுறையில் கிடைப்பது இவற்றில் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் குறைவோ ஆகும். எனினும் விகிதம் இதே போக்கில் அமையும். செல்நீரை ஒரு பாகை குறைத்தால் மின்செலவு 2 முதல் 2.5 விழுக்காடு வரை குறையும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு.

குழாய் இழப்பு குறைதல்: சூடாக்கப்படாத நிலவறை வழியே செல்லும் குழாய்களில் வெப்பம் வீணாகிறது. நிலவறை 10 பாகையில் இருந்தால், 70 பாகை நீருக்கான வேறுபாடு 60 பாகை; 49 பாகை நீருக்கு 39 பாகை. செல்நீர்க் குழாயின் இழப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது.

இதமான சூடு: ரேடியேட்டர் சிறிது நேரம் கொதித்தும் பின்னர் முற்றாகக் குளிர்ந்தும் கிடப்பதற்குப் பதிலாக, நாள் முழுவதும் இளஞ்சூடாக இருக்கும். கொதிகலன் அடிக்கடி எரிந்து அணைவதும் குறையும்.

வளைகோட்டை வீட்டுக்கேற்ப அமைத்தல்

வளைகோட்டை ஒரே நாளில் சரியாக அமைத்துவிட முடியாது. கடுங்குளிர், இளங்குளிர் ஆகிய இரு வகை நாட்களிலும் வீட்டைக் கவனித்த பின்னரே சரியான சாய்வும் மட்டமும் தெரியவரும். இதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும்கூடத் தேவைப்படலாம்.

முதலில், வழக்கமாகப் புழங்கும் ஓர் அறையை ஒப்பீட்டு அறையாகத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள தெர்மோஸ்டாட் வால்வை முழுவதும் திறந்துவிட வேண்டும். மற்ற அறைகளிலும் வால்வுகளைப் பெருமளவு திறந்து வைப்பது நன்று. வால்வுகள் பாதி மூடியிருந்தால் அவை மிகுதியான சூட்டை மறைத்துவிடும். வளைகோடு உயர்வாக இருப்பது தெரியாமலே போகும். வெயில் நேரடியாக விழும் அறையையும், அடுப்பங்கரையையும் ஒப்பீட்டு அறையாகக் கொள்ளலாகாது.

பின்னர், அறையில் ஒரு வெப்பமானியை வைத்துக் கவனித்துப் பின்வருமாறு திருத்த வேண்டும்.

எல்லா நாட்களிலும் அறை குளிராக இருந்தால்: மட்டத்தை உயர்த்துக.
எல்லா நாட்களிலும் மிகுதியாகச் சூடாக இருந்தால்: மட்டத்தைக் குறைக்க.
கடுங்குளிரில் மட்டும் அறை குளிராக இருந்தால்: சாய்வைக் கூட்டுக.
கடுங்குளிரில் மட்டும் மிகுதியாகச் சூடாக இருந்தால்: சாய்வைக் குறைக்க.
இளங்குளிரில் குளிராகவும் கடுங்குளிரில் சரியாகவும் இருந்தால்: மட்டத்தை உயர்த்திச் சாய்வைச் சற்றுக் குறைக்க.
இளங்குளிரில் மிகுதியாகச் சூடாகவும் கடுங்குளிரில் சரியாகவும் இருந்தால்: மட்டத்தைக் குறைத்துச் சாய்வைச் சற்றுக் கூட்டுக.

ஒவ்வொரு முறையும் சாய்வை 0.1 அளவுக்கோ, மட்டத்தை இரண்டு மூன்று பாகை அளவுக்கோ மட்டும் மாற்றி, குறைந்தது ஓரிரு நாட்கள் காத்திருக்க வேண்டும். தரையடிக் குழாய் கொண்ட வீடுகளில் தரையின் காங்கிரீட் மெதுவாகவே சூடாவதால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். நாளையும் வெளிவெப்பநிலையையும் அறை வெப்பநிலையையும் செய்த மாற்றத்தையும் ஒரு தாளில் குறித்து வருவது பெரிதும் உதவும். பழைய எண்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் பிழை நேர்ந்தாலும் முன்னைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒரே ஓர் அறை மட்டும் குளிராக இருந்தால் அதற்காக வளைகோட்டை உயர்த்துவது தவறான மருத்துவமாகும். அந்த அறைக்குப் போதிய நீர் செல்லாமையோ, ரேடியேட்டரினுள் காற்று தங்கியிருப்பதோ, ரேடியேட்டர் சிறியதாக இருப்பதோ காரணமாகலாம். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் உரிய அளவு நீர் செல்லுமாறு அமைப்பது நீரோட்டச் சமன்படுத்தல் எனப்படும். அதனைச் செய்யாமல் வளைகோட்டை உயர்த்தினால், ஓர் அறையின் குறைக்காக வீடு முழுவதும் செலவைச் சுமக்க நேரிடும்.

வீட்டில் மாற்றம் செய்த பின்னரும் வளைகோட்டை மீண்டும் அமைக்க வேண்டும். மேற்கண்ட வீட்டில் புதிய சன்னல்களும் கூரைக் காப்பும் அமைத்ததால் இழப்புக் கெழு பாகைக்கு 250 வாட்டிலிருந்து 200 வாட்டாகக் குறைந்தது எனக் கொள்வோம். பழைய ரேடியேட்டர்களே இருப்பினும் −12 பாகைக் குளிருக்கு இனி 62 பாகைச் செல்நீரே போதும். 4 பாகைக்கு 44 பாகை போதும். பழைய வளைகோடு அப்படியே விடப்பட்டால், காப்புக்காகச் செலவிட்ட பணத்தின் பயனில் ஒரு பகுதி கிடைக்காமல் போகும்.

கவனிக்க வேண்டியவை

குளியல் நீர்: குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்குமான சுடுநீரை வளைகோட்டின்படி குறைக்கலாகாது. வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். அந்நீர்த்துளிகளை மூச்சுடன் உள்ளிழுத்தால் கடுமையான நுரையீரல் அழற்சி ஏற்படலாம். எனவே சேமிப்புத் தொட்டியின் நீர் பொதுவாக 60 பாகையில் வைக்கப்படுகிறது. கட்டுப்படுத்தியில் இதற்கெனத் தனி அமைப்பு உண்டு.

பழைய கொதிகலன்கள்: ஒடுக்கத்துக்கென வடிவமைக்கப்படாத இரும்புக் கொதிகலனில் குளிர்ந்த மீள்நீர் நுழைந்தால், புகைவளியின் ஈரம் உட்சுவரில் படிந்து அரிப்பை உண்டாக்கும். புகைபோக்கியும் பழுதாகலாம். இத்தகைய கட்டகங்களில் கொதிகலனைச் சூடாகவே வைத்து, கலப்பு வால்வு கொண்டு ரேடியேட்டர்களுக்குச் செல்லும் நீரை மட்டும் தணிக்க வேண்டும்.

தரையடிக் குழாய்கள்: மிகையான சூடு தரைவிரிப்பையும் மரத் தரையையும் கெடுக்கும். ஆகவே செல்நீருக்கு உச்ச வரம்பு ஒன்றைக் கட்டுப்படுத்தியில் அமைப்பதுடன் தனிப் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட்டும் பொருத்தப்படுகிறது.

வெளியுணரியின் இடம்: உணரி வெயிலிலோ, சன்னலுக்கு மேலோ, புகைபோக்கிக்கு அருகிலோ இருந்தால் வெளியே இருப்பதை விடக் கூடுதலான வெப்பநிலையைக் காட்டும். அதனை நம்பிக் கட்டுப்படுத்தி நீரைத் தணித்துவிடும். வெயிலடிக்கும் குளிர்நாட்களில் மட்டும் வீடு காரணமின்றிக் குளிர்ந்தால் முதலில் உணரியின் இடத்தையே ஐயுற வேண்டும்.

அறை வெப்பநிலை: வளைகோட்டைக் குறைப்பதன் நோக்கம் நீரின் சூட்டைக் குறைப்பதே அன்றி அறையைக் குளிர்விப்பது அன்று. முதியோரும் கைக்குழந்தைகளும் குளிரால் எளிதில் பாதிக்கப்படுவர். நெடுநாட்கள் குளிர்ந்து கிடக்கும் வெளிச்சுவர்களில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கவும் கூடும். அறை வேண்டிய சூட்டில் இல்லையெனில் வளைகோடு அளவுக்கு மீறிக் குறைக்கப்பட்டுவிட்டது எனக் கொள்ள வேண்டும்.

வரம்புகள்

வீட்டின் வெப்பத் தேவையை வெளிவெப்பநிலை மட்டும் முடிவு செய்வதில்லை. கடுங்காற்று வீசும்போது இடுக்குகள் வழியே இழப்பு கூடும். சன்னல் வழியே விழும் வெயில், சமையல், வீட்டிலுள்ள மனிதர்கள் ஆகியவற்றால் வெப்பம் சேரும். இவற்றை வெளியுணரி அறியாது. இதனாலேயே தெர்மோஸ்டாட் வால்வுகள் தொடர்ந்து தேவைப்படுகின்றன.

தடித்த சுவர்களைக் கொண்ட வீடு வெளிவெப்பநிலை மாறிய உடனே குளிர்வதில்லை. எனவே பல கட்டுப்படுத்திகள் அந்நேரத்து வெப்பநிலையை மட்டும் கொள்ளாமல், கடந்த சில மணி நேரத்தின் அல்லது நாட்களின் சராசரியையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. மேலும் வெளிவெப்பநிலை 15 முதல் 18 பாகைக்கு மேல் சென்றால் வெப்பமூட்டலை முற்றாக நிறுத்திவிடும் அமைப்பும் உண்டு.

இரவில் வீட்டைச் சற்றுக் குளிரவிட்டுக் காலையில் மீண்டும் சூடாக்குவது இரவுத் தணிப்பு எனப்படும். வளைகோடு மிகச் சரியாக அமைந்த வீட்டில் நீருக்கு மிகையான சூடு இல்லாததால், காலையில் அறை மெதுவாகவே சூடேறும். இதற்காகத் தணிப்பைச் சிறிதாக வைப்பதோ, காலையில் முன்னதாகவே தொடங்குவதோ வழக்கம். நன்கு காப்பிடப்பட்ட வீடுகளிலும் வெப்பப் பம்பு உள்ள வீடுகளிலும் இரவுத் தணிப்பால் கிடைக்கும் மிச்சம் சிறிதே.

சட்டத் தேவைகள்

1973 இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் வீடுகளின் எரிபொருட் செலவில் கவனம் செலுத்தத் தொடங்கின. மேற்கு ஜெர்மனியில் 1976 இல் ஆற்றல் சேமிப்புச் சட்டமும், 1978 இல் வெப்பமூட்டும் கட்டகங்களுக்கான ஆணையும் பிறப்பிக்கப்பட்டன. 2020 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் கட்டட ஆற்றல் சட்டமும், மைய வெப்பமூட்டும் கட்டகங்கள் வெளிவெப்பநிலை அல்லது அதற்கு ஈடான வேறோர் அளவையும், நேரத்தையும் பொறுத்துத் தாமாகவே வெப்பத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் வேண்டும் என விதிக்கிறது.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல், வெப்பமூட்டலுக்கும் குளியல் நீருக்கும் ஒருசேரப் பயன்படும் எரிவளிக் கொதிகலனை அமைக்கும்போது நான்கு சேமிப்பு வழிகளுள் ஒன்றையாவது சேர்க்க வேண்டும் என விதிக்கப்பட்டது. வெளிவெப்பநிலைசார் கட்டுப்பாடு அந்நான்கனுள் ஒன்று. 2022 சூன் முதல், அங்கு புதிதாகவோ முழுமையாக மாற்றியோ அமைக்கப்படும் நீர்வழிக் கட்டகங்கள் இயன்றவரை 55 பாகைக்கு மேற்படாத செல்நீரில் இயங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆற்றல் முத்திரை விதிகளில், சுடரின் அளவை மாற்றவல்ல கொதிகலனுடன் இக்கட்டுப்பாடு சேர்ந்தால் பருவகாலத் திறனில் 2 விழுக்காடும், அறையுணரியும் சேர்ந்தால் 4 விழுக்காடும் கூட்டிக்கொள்ளப்படுகின்றன. இவை முத்திரைக்கான பொது மதிப்புகளே. ஒரு குறிப்பிட்ட வீட்டில் கிடைக்கும் மிச்சம், அங்கு முன்பு நீர் எவ்வளவு மிகையாகச் சூடாக்கப்பட்டது என்பதைப் பொறுத்து வேறுபடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்

அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் ஒரே கொதிகலன் எல்லா வீடுகளுக்கும் நீரைச் சூடாக்குகிறது. வளைகோட்டை அமைப்பது கட்டட உரிமையாளர் அல்லது அவரது பராமரிப்பாளரின் பொறுப்பு. குடியிருப்போர் தம் ரேடியேட்டர் வால்வுகளை மட்டுமே இயக்க முடியும். 1980கள் முதல் ஐரோப்பிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களுள் பலர் இத்தகைய வாடகை வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர்.

ஜெர்மனியில் 1981 இல் நடைமுறைக்கு வந்த வெப்பச் செலவு ஆணையின்படி, மைய வெப்பமூட்டலின் செலவில் 50 முதல் 70 விழுக்காடு வரையிலான பகுதி ஒவ்வொரு வீட்டின் பயன்பாட்டுக்கு ஏற்பவும், எஞ்சியது பெரும்பாலும் வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பவும் பகிரப்படுகிறது. கொதிகலனிலும் நிலவறைக் குழாய்களிலும் வீணாகும் வெப்பமும் இச்செலவுக்குள் அடங்கும். ஆகவே ஒருவர் தம் வால்வுகளைச் சிக்கனமாக மூடி வைத்தாலும், உயர்வாக அமைக்கப்பட்ட வளைகோட்டின் செலவிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது.

இளங்குளிர் நாட்களிலும் ரேடியேட்டர் கை வைக்க முடியாதபடி சுடுவதும், வால்வைச் சிறிது திறந்தாலே அறை வெக்கையாவதும் வளைகோடு உயர்வாக உள்ளதற்கான அறிகுறிகள். இவற்றை நாளும் வெளிவெப்பநிலையும் குறித்து எழுத்தில் பராமரிப்பாளருக்குத் தெரிவித்தால், அவர் எந்த அளவை மாற்ற வேண்டும் என்பதை எளிதில் கண்டறியலாம். இம்மாற்றத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஏற்கனவே உள்ள கட்டுப்படுத்தியில் ஓரிரு எண்களைத் திருத்தினால் போதும்.